செஞ்சியைக் காத்த நெல்

செஞ்சி நகரத்துக்கு வடக்கே திருநாதர்குன்று என்றொரு பாறைக்குன்று இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களை இரண்டு வரிசையாகச் செதுக்கிய பெரும்பாறை அங்கே உள்ளது. அதே குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் சிறு கல்வெட்டும் உள்ளது. எழுத்தமைதியைக் கொண்டு அதை ஆறாம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதுகிறார்கள். பிற்காலக் கல்வெட்டு ஒன்று, இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து மறைந்ததைக் குறிக்கிறது. செஞ்சியில் கோட்டை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இந்த வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று சோற்றைப் பற்றிப் பேசுகிறது, சோற்றை மறுத்தவரின் பெருமையாக. சோற்றைத் துறந்தவர்களின் பெயரைப் பாறையில் வெட்டிவைத்த இந்த மண்ணில், பின்னால் வந்தவர்கள் சோற்றைச் சேர்த்துவைக்கக் கல்லிலும் காரையிலும் கட்டடங்கள் எழுப்பினார்கள். அந்தக் கட்டடங்களைக் கொண்டு செஞ்சியின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

செஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவை ராஜா தேசிங்கின் குதிரை, சிவாஜியின் படையெடுப்பு, ராஜகிரியின் செங்குத்துப் பாறை. ஆனந்தக் கோன் காலம் தொட்டு விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இந்தக் கோட்டை கைமாறிய பட்டியலைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் யார் வந்தார், யார் போனார் என்பது இருக்கிறது. வந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது இல்லை. ஒரு கோட்டையின் வேலை எதிரியைக் கொல்வதைவிட, எதிரி களைத்துப்போகும் வரை உயிரோடு இருப்பது. அந்த அவகாசத்தை மதில் பாதியளவுதான் தருகிறது. மீதியைத் தருவது உள்ளே இருக்கும் நெல்லும் நீரும். செஞ்சியைக் கட்டியவர்களும் விரிவாக்கியவர்களும் இதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அவர்கள் விட்டுச்சென்ற கட்டடங்களே சாட்சி.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைக்கும் மதில் ஒரு பெரிய முக்கோணம். ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. மதிலின் தடிமன் சுமார் 60 அடி, அகழியின் அகலம் சுமார் 80 அடி என்று ஆவணங்கள் சொல்கின்றன. இந்த எண்களைப் பார்த்து வியப்பவர்கள், கல்யாண மகாலுக்கு அருகில் நிற்கும் களஞ்சியத்தைக் கண்டும் காணாமலும் கடந்துபோகிறார்கள். அகன்ற சுவர்களும் வளைந்த கவிகைக் கூரையும் கொண்டு, காற்றும் வெளிச்சமும் அளவாகவே நுழையும்படி கட்டிய கட்டடம் அது. கொத்து வேலைப்பாடு இல்லை, சிற்பம் இல்லை. ஈரம் ஏறக் கூடாது, எலி துளைக்கக் கூடாது, தீப்பற்றக் கூடாது என்ற மூன்று தேவைகளே அதன் அழகு. ராஜகிரி உச்சியிலும் களஞ்சியம் உண்டு. கிருஷ்ணகிரி மேலும் களஞ்சியங்கள் உண்டு. அவற்றோடு எண்ணெயும் நெய்யும் சேர்த்துவைத்த தொட்டிகளை இன்றும் எண்ணெய்க்கிணறு, நெய்க்கிணறு என்றே காட்டுகிறார்கள். கீழே ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரகுளம். மேலே பாறைச் சுனைகள். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய்களின் வழியே கல்யாண மகாலுக்குத் தண்ணீர் வந்தது. கீழ்க்கோட்டை விழுந்தாலும் மேல்கோட்டை பட்டினி கிடக்காதபடி, ஒவ்வொரு குன்றுக்கும் அதனதன் நெல், அதனதன் நீர் என்று திட்டமிட்ட அமைப்பு இது.

களஞ்சியத்தில் அரிசி வைக்க மாட்டார்கள், நெல்லைத்தான் வைப்பார்கள். குத்திய அரிசியில் சில மாதங்களில் வண்டு விழும். உமி மூடிய நெல், ஈரம் படாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சேமித்த நெல் அப்படியே சோறாகிவிடாது. அன்றாடம் அளந்து எடுத்து, வெயிலில் காயவைத்து, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்தால்தான் உலை வைக்க முடியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேருக்கு 750 கிலோ. கைக்குத்தலில் நெல்லின் எடையில் மூன்றில் இரண்டு பங்கே அரிசியாகத் தேறும் என்பதால், ஏறக்குறைய 1,100 கிலோ நெல் நாள்தோறும் களஞ்சியத்தை விட்டு வெளியேற வேண்டும். ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேல் ஆகும். இன்றைய 75 கிலோ மூட்டைக் கணக்கில் 5,400 மூட்டைக்குக் குறையாது. குதிரைக்குக் கொள்ளும் யானைக்குத் தீனியும் இதில் சேரவில்லை. இவ்வளவு நெல்லையும் யாரோ தலையில் சுமந்து அந்தக் கற்படிகளில் ஏற்றினார்கள், யாரோ அன்றாடம் குத்தினார்கள். படைவீரர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் அவர்கள் ஒரு வாரம் கையை மடக்கியிருந்தால் பீரங்கி வந்துதான் கோட்டையைப் பிடித்திருக்க வேண்டும் என்ற தேவை இருந்திராது.

இந்த நெல் எங்கிருந்து வந்தது? செஞ்சிக்குக் காவிரி கிடையாது. மேற்கே பாக்கமலைப் பக்கம் தோன்றி, புதுச்சேரி நோக்கி ஓடும் சங்கராபரணி மழைக்காலத்தில் மட்டும் ஆறாக இருக்கும். மற்ற மாதங்களில் மணல். இங்கே நெல் என்பது ஏரியின் கொடை. வடகிழக்குப் பருவமழையை ஏரியில் தேக்கி, மதகு திறந்து வயலுக்கு விட்டு, கண்டுமுதலில் மேல்வாரம் அரசுக்கு, குடிவாரம் உழுதவனுக்கு என்று பிரித்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணிதான் கோட்டைக் களஞ்சியம். ஒரு களஞ்சியம் நிரம்பியிருக்கிறது என்றால், சுற்றுவட்டார ஏரிகளின் கரை உடையாமல் இருக்கிறது, மழை பொய்க்கவில்லை, வாரம் ஒழுங்காகச் சேர்கிறது என்று பொருள். அதனால் அது வெறும் கிடங்காக நிற்கவில்லை. நாட்டின் நலத்தையும் அரசின் பலத்தையும் ஒருசேரக் காட்டும் அளவுகோலாக நின்றது. தஞ்சைப் பகுதியிலும் இதையொத்த சான்று உண்டு. பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில், நாயக்கர் காலத்தில் எழுப்பிய கூம்பு வடிவ நெற்களஞ்சியம் 3,000 கலம் கொள்ளும் என்கிறார்கள். அங்கே நெல் கோயிலைச் சார்ந்தது, நைவேத்தியத்துக்கும் அன்னதானத்துக்கும் போனது. செஞ்சியில் நெல் படையைச் சார்ந்தது. ஒரே காலத்தவரான இரண்டு நாயக்கர் அரசுகளின் இயல்பு வேறுபாட்டை இந்த இரண்டு களஞ்சியங்கள் சொல்லிவிடுகின்றன.

இந்தக் கட்டடங்களின் பயன் காலத்துக்குக் காலம் மாறியிருக்கலாமே, இன்று களஞ்சியம் என்று பலகை வைத்ததை ஒரு காலத்தில் ஆயுதசாலையாகவும் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எண்ணெய்கூடச் சமையலுக்கு மட்டும் ஆனதல்ல. விளக்குக்கு வேண்டும், காயத்துக்கு வேண்டும், மதிலேறுபவன்மீது காய்ச்சி ஊற்றவும் உதவும். ஆனால் ஒரு தனிக் கட்டடத்தின் பெயரை நம்பி இந்த வாதம் நிற்கவில்லை. மூன்று குன்றுகளில் எத்தனை நீர்நிலைகள், எத்தனை சேமிப்பறைகள் என்ற ஒட்டுமொத்த அமைப்பை நம்பி நிற்கிறது. மேலும், செஞ்சியை ஆண்டவர்களின் நிர்வாகமுறையும் இதற்குத் துணை நிற்கிறது. 1677-இல் கோட்டையைக் கைப்பற்றிய மராட்டியர், தங்கள் கோட்டைகளில் தளபதியான ஹவல்தார், கணக்கரான சப்னிஸ் ஆகியோருக்கு இணையாக, தானியத்தையும் தளவாடத்தையும் கவனிக்கக் கார்கானிஸ் என்றொரு அதிகாரியை வைத்தார்கள். ராமச்சந்திர பந்த் அமாத்யா பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘ஆக்ஞாபத்திரம்’, கோட்டை கட்டும் முன் நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும், ஒரே நீர்நிலையை நம்பி இருக்கக் கூடாது என்றும் வற்புறுத்துகிறது. சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயரின் முற்றுகைக்கு உள்ளாகிச் செஞ்சியில் இருந்த ஆண்டுகளில் மராட்டிய நாட்டில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தவர் அவர். முற்றுகையின் பாடம் அவருக்கு ஏட்டில் படித்ததாக இருந்திருக்காது.

அந்த முற்றுகைதான் இந்த வாதத்தின் உரைகல். 1689-இன் இறுதியில் ராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையின் முன் பாளையம் இறங்கினார். 1698-இன் தொடக்கம் வரை, இடையிடையே தளர்ந்தும் இறுகியும் அந்த முற்றுகை நீண்டது. பேரரசின் பீரங்கிகளும் குதிரைப்படையும் எண்ணிக்கையும் வெளியே இருந்தன. ஆனால் முதலில் பசித்தது வெளியே இருந்தவர்களுக்குத்தான். 1692-இன் இறுதியில் மராட்டியத் தளபதிகளான சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் படையோடு தெற்கே வந்து, முகலாயப் பாளையத்துக்கு வரும் தானியப் பாதைகளை அடைத்தார்கள். முகலாயப் படைக்குச் சோறு போட்டவர்கள் பொதிமாடுகளில் தானியம் ஏற்றிவரும் லம்பாடிகள். பாதை அடைபட்டதும் பாளையத்தில் தானியம் அருகியது. சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் போய்த் தானியம் கொண்டுவர முயன்றார். திரும்பும் வழியில் தேசூரில் தாக்குதலுக்கு உள்ளானார். 1693-இன் தொடக்கத்தில் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. முகலாயத் தளபதி தல்பத் ராவின் செயலாளராக உடனிருந்த பீம்சேன் எழுதிய நினைவுநூல் இந்தப் போர்க்களத்தின் நேரடிச் சாட்சியங்களில் ஒன்று. இந்தியாவின் மிகப் பெரிய படை, மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு முன்பாகப் பசியால் தளர்ந்தது என்பதே அந்த ஆண்டின் செய்தி.

களஞ்சியத்தை மட்டுமே இதற்குக் காரணமாகச் சொன்னால் மிகையாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முற்றுகை ஒருபோதும் முழுமையாக இல்லை. அவ்வளவு பரந்த கோட்டையைச் சுற்றி வளைக்க முகலாயப் படையால் முடியவில்லை. வெளியிலிருந்து பொருள் உள்ளே போக வழிகள் இருந்தன. மராட்டியர் 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். அதுவே பின்னால் புனித டேவிட் கோட்டை ஆனது. அந்த நெருக்கடியான ஆண்டில் கையில் காசு எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இந்த விற்பனை ஒரு சான்று. முகலாயத் தளபதியே போரை இழுத்தடித்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் சூழ்ச்சி பலிக்கவும், விற்பனை முடியவும், வடக்கிலிருந்து துணைப்படை வந்து சேரவும் நாள் வேண்டும். அந்த நாட்களைக் களஞ்சியமும் குளமும் வாங்கிக் கொடுத்தன. கோட்டை கடைசியில் விழுந்தது என்பது இந்த வாதத்துக்கு எதிரான சான்றாகாது. விழுவதற்கு முன்பே ராஜாராம் தப்பி வேலூர் வழியாகத் தம் நாடு சேர்ந்துவிட்டார். மராட்டிய அரசு பிழைத்துவிட்டது. நெல் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்திருந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். கதவை வெடிவைத்துத் தகர்த்து, இருட்டில் குன்றுகளின்மீது ஏறி, பொழுது விடிவதற்குள் வேலை முடிந்தது. எட்டாண்டு தாங்கிய கோட்டை எட்டு மணி நேரத்தில் விழுந்ததே, அப்போது களஞ்சியம் எங்கே போனது? தேசிங்கு கதையும் இதே கேள்வியை எழுப்பும். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் நிலுவைக் கப்பம் கேட்டு வந்தபோது, இளைஞரான தேசிங்கு உள்ளே அடைந்து கிடக்க மறுத்துச் சிறுபடையோடு வெளியேறிப் போரிட்டு மாண்டார். இரண்டு நிகழ்ச்சிகளிலும் சேமித்த நெல்லுக்கு வேலையே வரவில்லை. இதுதான் என் பதிலும். சேமிப்பு மெதுவாக வரும் எதிரியிடமிருந்துதான் காக்கும். திடீர்த் தாக்குதலிலிருந்து காப்பது காவல். தற்கொலைக்கு நிகரான வீரத்திலிருந்து காப்பது எதுவுமில்லை. நாட்டுப்புறக் கதைப்பாட்டு தேசிங்கின் வெளியேற்றத்தைக் கொண்டாடுகிறது. அந்தத் துணிவை நாமும் மதிக்கிறோம். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது, பேரரசின் படையையே ஆண்டுக்கணக்கில் காக்கவைத்த கோட்டை என்பதையும் மறக்கக் கூடாது. கப்பம் என்பதே நிலவரி, நிலவரி என்பது கண்டுமுதலின் பங்கு என்பதால், அந்தப் போரின் வேரிலும் விளைச்சல்தான் இருந்தது.

பிரெஞ்சுக்காரரின் முடிவு இந்த வாதத்தை மறுபக்கத்திலிருந்து உறுதி செய்கிறது. 1761 ஜனவரியில் புதுச்சேரி, பல மாத முற்றுகையில் உணவு தீர்ந்து ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதன் பிறகு கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் செஞ்சியை வளைத்தார். உள்ளே தலைமை ஏற்றிருந்தவர் பிரெஞ்சுப் பணியில் இருந்த மெக்ரெகர். லட்சம் பேரோடு வந்தாலும் மூன்றாண்டுகளில் இந்தக் குன்றுகளைப் பிடிக்க முடியாது என்று அவர் பதில் அனுப்பியதாகப் போர் வரலாறு எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்கிறார். அது வீண் பேச்சல்ல. பாறையும் மதிலும் அப்படியேதான் இருந்தன. ஆனால் ஏப்ரல் 5-ஆம் தேதி அவரே சரணடைந்தார். புதுச்சேரி விழுந்த பிறகு வெளியிலிருந்து ஒரு மூட்டை அரிசியோ ஓர் ஆளோ வர வழியில்லை. கோட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும், அதற்குச் சோறு போடும் நாடு கைவிட்டுப் போனால் அது வெறும் பாறை. பிரெஞ்சுக்காரர் பத்தாண்டுகளில் 1,200 ஐரோப்பிய வீரர்களை இங்கே நோய்க்குப் பறிகொடுத்ததாகவும், முற்றுகையிட்ட கம்பெனிச் சிப்பாய்களில் 300 பேர் இறந்ததாகவும் ஓர்ம் எழுதுகிறார். அந்தக் காலத்தவர் காற்றின்மீது பழி போட்டார்கள். காடும் குளமும் தேங்கிய நீரும் சூழ்ந்த இடத்தில் மலேரியாக் காய்ச்சலே காரணமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. அப்படியானால், கோட்டையை வாழவைத்த நீரே அதில் இருந்தவர்களைக் கொன்றும் இருக்கிறது.

களஞ்சியத்தைப் பார்த்து வரலாறு எழுதினால் அது ஆண்டவர்களின் வரலாறாகத்தானே இருக்கும், உழுதவர்களின் சோறு எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1597-இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமென்டா, லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுக்கல்லில் இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதினார். பட்டு விரிப்பில் சாய்ந்திருந்த கிருஷ்ணப்ப நாயக்கர் வெற்றிலை தந்ததையும், விருந்தினர் அதை மெல்லாததைக் கண்டு அவர் வியந்ததையும் குறித்திருக்கிறார். வெற்றிலை ஏற்பது உறவை ஏற்பதாக இருந்த ஓர் அரசவையின் முறை நமக்கு இந்தச் சிறு குறிப்பில் தெரிகிறது. அதே காலத்தில் மானாவாரிக் காட்டில் உழுதவர்கள் கேழ்வரகுக் கூழையும் கம்பஞ்சோற்றையும் சாமையையும் நம்பி வாழ்ந்தார்கள். நெல்லை விளைவித்தவர்களுக்கே நெல்லுச்சோறு நாளும் கிழமையும் பார்த்துக் கிடைத்த பண்டம். ராஜகிரிப் பக்கம் கைதிக்கிணறு என்று ஒரு பாறைக்குழி இருக்கிறது. தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்று வழங்கும் செய்தி உண்டு. ஒரு பக்கம் ஆண்டுக்கணக்கில் நெல், மறுபக்கம் பட்டினிக் குழி. சோற்றைக் கொடுக்கவும் மறுக்கவும் முடிந்தவரே அரசர் என்பதை இந்த இரண்டும் சேர்ந்து சொல்கின்றன. ஆகவே களஞ்சியத்தைப் படிப்பது, அது யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்று கேட்பதும் ஆகும். மன்னர் பட்டியலில் எழ வாய்ப்பே இல்லாத கேள்வி அது.

படைகள் போய்விட்டன, நெல் போகவில்லை. செஞ்சி மார்க்கெட் கமிட்டி என்று மக்கள் அழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, அறுவடைக் காலத்தில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நெல் மூட்டைகள் வண்டி வண்டியாக வந்து குவிகின்றன. நெல்லோடு மல்லாட்டையும் உளுந்தும் வருகின்றன. ஒரு காலத்தில் கோட்டைக் களஞ்சியத்தை நிரப்பிய அதே ஏரிப் பாசன நிலங்கள்தான் இன்றும் இந்த ஊரின் பிழைப்பு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் போர்நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இனி வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கூட்டம் வரும். அவர்களுக்கு வெறும் போர்க்கதையை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. களஞ்சியங்களுக்கும் நெய்க்கிணற்றுக்கும் குளங்களுக்கும் அவற்றின் வேலையைச் சொல்லும் தெளிவான தமிழ்ப் பலகைகள் வைக்க வேண்டும். கோட்டைக் குளங்களைத் தூர்வாரிக் காக்க வேண்டும். அந்தக் களஞ்சியங்களை நிரப்பிய ஏரிகளையும் கோட்டையின் ஒரு பகுதியாகவே மதிக்க வேண்டும். ஏரி தூர்ந்த நாட்டில் கோட்டையைப் புதுப்பிப்பதால் பயனில்லை என்பதைச் செஞ்சியின் வரலாறு நன்றாகவே காட்டியிருக்கிறது.